ஓராவைத் தேடி: கீழக்கரையிலிருந்து தனுஷ்கோடி வரை ஐந்து நாள்

நாள் 1: கீழக்கரை

ஒரு மீனைப் பார்க்கக் கிளம்புகிறேன் என்றதும் அம்மா நம்பவில்லை. "மீனு வேணும்னா சந்தையில வாங்கிட்டு வாடா, அதுக்கு எதுக்கு அஞ்சு நாளு" என்றார். சந்தையில் ஐஸில் கிடப்பதைப் பார்த்து என்ன பண்ண அம்மா, அது மேய்கிற இடத்தைப் பார்க்கணும், அதைப் பிடிக்கிறவங்க, திட்டுறவங்க எல்லாரையும் பார்க்கணும் என்றேன். சரி, வெயிலில் அலையாதே என்று ஒரு பாட்டில் மோர் கொடுத்து அனுப்பினார். பரமக்குடியில் ஐந்தரை மணி பஸ், ராமநாதபுரத்தில் ஒரு டீ, அடுத்த பஸ்ஸில் கீழக்கரை. எட்டு மணிக்கு கடற்கரையில் நின்றேன்.

மீனின் பெயர் ஓரா. கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரும்பாலும் கையளவுதான் கிடைக்கும், சில வகை முழங்கை நீளம் வரும். தட்டையான உடம்பு, தடவிப் பார்த்தால் செதிலே இல்லையோ என்று தோன்றும், அவ்வளவு பொடிச் செதில். சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் முத்து முத்தாகப் புள்ளிகள். வாய் ரொம்பச் சின்னது, முயல் புல்லைக் கொறிப்பதுபோல் பாசியைக் கொறிக்கும், அதனாலேயே இங்கிலீஷில் முயல் மீன் என்று பெயர். பாறை, பவளப்பார், கடற்புல் என்று கரையை ஒட்டியே கூட்டமாகத் திரியும். ஆழத்துக்குப் போகிற மீன் கிடையாது.

எனக்கு இதன்மேல் பித்துப் பிடித்தது சைப்ரஸ் தீவில். அங்கே லிமாசோல் என்ற ஊரில், ஒரு ஓட்டல் சமையற்கட்டில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம், காலையில் படகுக்காரர் ஒருவர் கூடை நிறைய மீன் கொண்டுவந்து கொட்ட, சுத்தம் செய்யக் கத்தியை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஓரா! ஊரை விட்டு அத்தனை தூரத்தில், மத்தியதரைக் கடல் ஓரத்தில், என் அப்பத்தா குழம்பு வைத்த மீன். "இது எங்க ஊரு மீனு" என்று பெரிய சமையல்காரரிடம் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவர்கள் அதைக் குர்குனா என்கிறார்கள், எண்ணெய் தடவிச் சுட்டு எலுமிச்சை பிழிந்து ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். நான் சொன்னதை எப்படியோ புரிய வைத்ததும் அவர், "உங்கள் கடல் மீனாகத்தான் இருக்க வேண்டும், எங்கள் கடலில் இது இருந்ததே இல்லை, சூயஸ் கால்வாய் வழியாக வந்தது" என்றார். அன்றிலிருந்து இந்த மீன் என் மண்டைக்குள் நீந்திக்கொண்டிருக்கிறது. (ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அங்கே போனவை செங்கடல் ஓரா இனங்கள் இரண்டு. நம் பக்கம் கிடைப்பவை அதே குடும்பத்து வேறு இனங்கள், ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி. வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதம் ஆனது.)

கீழக்கரையில் இன்னும் கூடு போட்டு மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கூடு என்பது பின்னிய பொறி, உள்ளே போக வாய் உண்டு, போன மீனுக்குத் திரும்ப வழி தெரியாது. பாருக்கு நடுவே இறக்கிக் கல் வைத்து அமுக்கிவிட்டு வருவார்கள். வல்லம் என்கிற படகிலிருந்து இறக்கிய கூடையைக் கரையில் கவிழ்த்தபோது நாலு கிளிமீன், இரண்டு விளமீன், ஒரு சின்னக் களவா, அப்புறம் பத்துப் பன்னிரண்டு ஓரா விழுந்தன. வல்லக்காரருக்கு அறுபது வயதிருக்கும், ஊர் வழக்கப்படி காக்கா (அண்ணன்) என்று கூப்பிட்டேன். நான் குனிந்து ஓராவையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "என்ன தம்பி, இதுக்கு முன்ன ஓரா பாத்ததில்லையா?" என்றார். சைப்ரஸ் கதையைச் சொன்னேன். அவர் பதினெட்டு வருடம் பஹ்ரைனில் இருந்தவராம். "அங்க இதுக்குப் பேரு ஸாஃபி. அரபிக்கு ஸாஃபி இருந்தா வேற மீனு வேணாம். நான் போன புதுசுல மார்க்கெட்ல பாத்துட்டு ஒங்கள மாதிரிதான் நின்னேன்" என்றார். அவர் பார்த்ததில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. பாரசீக வளைகுடா ஓராவுக்குச் சொந்த வீடு. மத்தியதரைக் கடல் அப்படி இல்லை.

ஒரு மீனைக் கையில் எடுத்து முள்ளை எண்ணினேன். முதுகில் வரிசையாக 13, பின்னால் அடிச்செட்டையில் 7. வயிற்றுக்குக் கீழே ஜோடியாக இருக்கிற இரண்டு செட்டைகளில் ஆளுக்கு இரண்டு, முன்னே ஒன்று பின்னே ஒன்று, நடுவில் மெல்லிய சவ்வு. வேறு எந்த மீன் குடும்பத்துக்கும் இந்த அமைப்பு கிடையாது. ஆக மொத்தம் 24 முள், அத்தனையும் விஷ முள். எண்ணி முடிக்கும்போது மீன் ஒரு துள்ளுத் துள்ள, ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது.

ஓரா குத்தியவர்களுக்குத் தெரியும், முதல் நிமிடம் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், அப்புறம் விரலில் இருந்து தோள்வரை ஒரு வலி ஏறும் பாருங்கள். காக்கா சட்டென்று பக்கத்து டீக்கடையிலிருந்து கொதித்த தண்ணீர் வாங்கி, பச்சைத் தண்ணீர் கலந்து, தன் விரலை விட்டுச் சூடு பார்த்து, "தாங்குற மட்டும் உள்ள வைங்க, ஆற ஆற ஊத்துவேன்" என்றார். லிமாசோலில் முதல் தடவை குத்தியபோதும் பெரிய சமையல்காரர் இதையேதான் செய்தார், ஒரு சூப் கிண்ணத்தில். சூட்டில் இந்த விஷம் முறிந்துவிடும். அங்கே அவர்கள் இதைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருப்பார்கள். காக்காவுக்கு அவர் வாப்பா சொல்லிக் கொடுத்தது.

நாள் 2: ஏர்வாடி சாலை, ஒரு கண்மாய்

விரல் வீங்கி இருந்தது, அதனால் இன்று கடலுக்குப் போகவில்லை. ஏர்வாடிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது சாலையோரக் கண்மாயில் மூன்று பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து இறங்கிவிட்டேன். பையில் இருந்தது பூரா ஜிலேபி. "வேற என்ன மீனு கெடைக்கும் தம்பி?" என்றால், "ஜிலேபிதாண்ணே" என்றார்கள். எங்கள் அப்பா சின்ன வயதில் கண்மாயில் பிடித்த கெண்டை, கெளுத்தி, விரால் என்று அடுக்குவார். இந்தப் பையன்களுக்குக் கண்மாய் மீன் என்றால் ஜிலேபி ஒன்றுதான்.

ஜிலேபி கெண்டை நம் மீன் இல்லை, தென்கிழக்கு ஆப்பிரிக்க ஆறுகளின் மீன். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள், முதலில் வைத்து வளர்த்துப் பார்த்தது இதே மாவட்டத்தில், மண்டபத்தில். ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் இரண்டிலும் தாங்கும், குஞ்சைத் தாய் வாய்க்குள் வைத்துக் காக்கும், பிறகு கேட்க வேண்டுமா, எல்லாக் கண்மாயும் அதன் கண்மாய் ஆகிவிட்டது. எனவே வெளியிலிருந்து வருகிற மீன் என்பது எங்கோ தூரத்துச் செய்தி என்று நாம் நினைத்துக்கொள்ள முடியாது.

ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து சூயஸ் கதையை எழுதி வைக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டால்தான் மற்ற நாட்கள் புரியும்.

சூயஸ் கால்வாய் 1869 நவம்பர் 17-இல் திறந்தது. கப்பலுக்காக வெட்டியது, ஆனால் தண்ணீருக்கு என்ன தெரியும், செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் சேர்த்துவிட்டது. மீன்கள் மறுநாளே பாய்ந்து போய்விடவில்லை. வழியில் கசப்பு ஏரிகள் என்று இரண்டு ஏரிகள், அவற்றின் அடியில் கெட்டியான உப்புப் படுகை, அந்தத் தண்ணீரில் பெரும்பாலான மீனால் தாக்குப்பிடிக்க முடியாது. அதைத் தாண்டினாலும் மறுமுனையில் நைல் ஆற்று வெள்ளம் வருடா வருடம் கடலோரத்தை நன்னீராக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பூட்டுப் போட்ட கதவு. உப்புப் படுகை பல பத்தாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 1970-இல் கட்டி முடித்த அஸ்வான் உயர் அணையால் நைல் வெள்ளமும் நின்றது. இரண்டு பூட்டும் திறந்தாயிற்று. 1902-இலேயே செங்கடலின் ஒரு பொடி மீன், வெள்ளிக்கோடு போட்ட விரல் நீள மீன், எகிப்தின் மத்தியதரைக் கரையில் பதிவாகிவிட்டது. முதல் ஆள் அது. 1924-இல் பாலஸ்தீனக் கரையில் முதல் ஓரா. 1950-களில் இரண்டாவது ஓரா இனம். இப்போது அந்த வழியாகப் போய்ச் சேர்ந்த மீன் இனங்கள் மட்டும் நூற்றுக்கு மேல். கால்வாய் வெட்டிய ஃபெர்டினாண்ட் டி லெஸ்ஸெப்ஸ் பெயரையே வைத்து லெஸ்ஸெப்சியன் இடப்பெயர்வு என்கிறார்கள். ஒரு மனிதர் பெயரில் இத்தனை மீன்கள் வீடு மாறியிருக்கின்றன!

அத்தனையிலும் ஓரா ஏன் அவ்வளவு பரவியது என்றால், சாப்பாடு. மத்தியதரைக் கடலில் பாசியையே நம்பி மேய்கிற உள்ளூர் மீன்கள் இரண்டே இனம். இங்கே பவளப்பாரில் ஒரு பாசித் துண்டுக்கு எத்தனை வாய் போட்டி போடும், கிளிமீன், ஓரா, கடல் முள்ளெலி என்று. அங்கே பாறை முழுக்கக் காடு மாதிரிப் பாசி, பந்தி விரித்து ஆளில்லாமல் கிடந்தது. ஓரா உட்கார்ந்துவிட்டது.

நாள் 3: முனைக்காடு

இன்றைய நாளுக்காகவே இந்தப் பயணம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது, வரும்போது அப்படி நினைக்கவில்லை.

மண்டபம் பக்கத்தில் முனைக்காடு. பாக் நீரிணைப் பக்கம் என்பதால் கடல் குளம் மாதிரி அமைதியாகக் கிடந்தது. கரையில் ஏழெட்டுப் பெண்கள் பனையோலைப் பந்தலுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து, கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் தெப்பம், குறுக்கே கயிறுகள், கயிறு நெடுக ஒரு சாண் இடைவெளியில் பாசி. ஒரு தெப்பத்துக்கு அறுபது கிலோ விதைப்பாசி வேண்டும் என்றார்கள். கடலில் மிதக்க விட்டு 45 நாளில் அறுத்து, விதைக்கு எடுத்து வைத்தது போக மீதியைக் காய வைத்து விற்பார்கள். அதிலிருந்து எடுக்கிற கேரஜீனன் என்கிற கெட்டிப்படுத்தும் பொருள் ஐஸ்கிரீமில் இருந்து பற்பசை வரைக்கும் போகிறது. பாசியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் தடிமன், வழுவழுப்பு, கிளை கிளையாகப் பிரிந்து, ஒடித்தால் டக்கென்று வெண்டைக்காய் மாதிரி ஒடிகிறது.

அக்கா ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் தெப்பத்துக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். ஒரு கயிற்றைத் தூக்கிக் காட்டி, "இதப் பாருங்க தம்பி" என்றார். பாசிக் கிளையின் நுனிகள் எல்லாம் மழுங்கியிருந்தன. நல்ல நுனி கூர்மையாகப் பளபளவென்று இருக்கும், இது கத்தரிக்கோலால் நறுக்கின மாதிரி, வெட்டின இடம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது. விரலால் தடவினால் ஒவ்வொரு நுனியிலும் பொடிப்பொடியாகப் பல் பதிந்த சொரசொரப்பு.

"யாரு வேலை அக்கா?"

"வேற யாரு, ஓராதான். வளர்றதே நுனியிலதான் வளரும், அது நுனியாப் பாத்துக் கொறிச்சிட்டுப் போயிரும். பொறவு பாசி ஏறவே ஏறாது."

அதற்காகத் தெப்பத்துக்கு அடியில் வலை கட்டுகிறார்கள். ஒடிகிற பாசி அடித்துக்கொண்டு போகாமலும் இருக்கும், கீழேயிருந்து மீன் வந்து மேயாமலும் இருக்கும். ஆனாலும் குஞ்சு ஓரா கண்ணிக்குள் புகுந்துவிடுமாம், உள்ளேயே தின்று பெருத்து வெளியே போக முடியாமல் மாட்டிக்கொள்வதும் உண்டு. அக்கா வலையின் ஒரு மூலையை அசைத்தார், ஒரு ஐந்து விரற்கடை ஓரா அங்குமிங்கும் ஓடியது. அவர் அதைப் பிடிக்கவில்லை. "இருக்கட்டும், அறுக்குறப்ப சட்டிக்குத்தான வரும்" என்றார்.

அந்த இடத்தில், தண்ணீருக்குள் நின்றுகொண்டே, எனக்கு ஒன்று சட்டென்று உறைத்தது. துருக்கிக் கரையில் ஆராய்ச்சியாளர்கள் பாறைகளின்மேல் கம்பிக்கூண்டு வைத்து ஓராவை விலக்கிப் பார்த்தார்கள், அந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. கூண்டுக்குள் பாசி வளர்ந்தது. வெளியே ஓரா மேய்ந்த பாறை மொட்டை. கிழக்கு மத்தியதரைக் கடலில் பாறைமேல் இருந்த பாசிக்காடு அழிவதற்கு ஓராதான் காரணம் என்பதை அப்படித்தான் நிரூபித்தார்கள். இந்த அக்கா பாசியைக் காக்கக் கட்டியிருக்கிற வலையும் அதே கூண்டுதான். அவருக்கு யாரும் ஆய்வுக்கட்டுரை கொடுக்கவில்லை, நுனியைப் பார்த்தார், வலையைக் கட்டினார்.

நான் லிமாசோல் பக்கம் லீவு நாளில் முகமூடி போட்டுக் கடலுக்குள் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் பாறை சுத்தமாகச் சவரம் செய்த தலை மாதிரி இருக்கும், மேலே ஓராக் கூட்டம் மேகம் மாதிரிப் போகும். பாசிக்காடு இருந்தால் அதில் குஞ்சு மீன் ஒளியும், இறால் இருக்கும், நண்டு இருக்கும். மொட்டைப் பாறையில் எது ஒளியும்? பார்க்கப் பார்க்க மனசு கனத்தது, அதுவும் என் ஊர் மீன் இதைச் செய்கிறதே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஆனால் முனைக்காட்டில் கதை தலைகீழ். இந்தப் பாசி நம் கடல் பாசி இல்லை. பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி, 1990-களில் ஆராய்ச்சிக்காக மண்டபத்துக்கு வந்தது, பிறகு பெப்சி கம்பெனி ஒப்பந்தம் போட்டு வளர்க்கச் செய்ததால் இன்றும் ஊரில் பெப்சி பாசி என்றே பெயர். அங்கே வெளியூர் ஓரா உள்ளூர்ப் பாசியைத் தின்கிறது. இங்கே உள்ளூர் ஓரா வெளியூர்ப் பாசியைத் தின்கிறது. அக்காவிடம் இதைச் சொன்னேன். கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "ரெண்டு எடத்துலயும் அது பசிக்குத்தான தின்னுச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்களுக்கும் இந்தப் பாசி வந்த பொறவுதான் கையில காசு. முன்ன தீவுக்குப் போயி மரிக்கொழுந்து பாசி பொறுக்குவோம், கல்லுல காலு கிழியும், கெடுபிடி வேற. இப்ப எம் மக காலேஜு படிக்கிறா" என்றார்.

நான் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தீவுக்குப் போகப் போகிறேன் என்பதையும் சொல்லவில்லை.

நாள் 4: குந்துகால், குருசடை

விவேகானந்தர் 1897 ஜனவரி 26-இல் வந்து இறங்கிய குந்துகாலில் இருந்து வனத்துறைப் படகு. குருசடைத் தீவு மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் சேர்ந்தது, 1986-இல் அறிவித்த பூங்கா, அதில் மொத்தம் 21 தீவுகள் (இரண்டு இப்போது தண்ணீருக்குள்). உயிரியலாளர்களின் சொர்க்கம் என்று குருசடையைச் சொல்வார்கள். வழிகாட்டியாக வந்த தம்பி பாம்பன் பையன், தாத்தா சங்கு குளித்தவர்.

முனைக்காட்டில் பார்த்த அதே பாசி 2008-இல் இந்தக் குருசடைப் பவளத்தின்மேல் படர்ந்திருந்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். இந்த வட்டாரத்தில் பாசி வளர்ப்புக்கு அனுமதி பாக் நீரிணைப் பக்கம்தான், மன்னார் வளைகுடாப் பக்கம் இல்லை. ஆனால் ஒடிந்த துண்டு ஒன்று போதும் அதற்கு, நீவாடு (கடல் நீரோட்டம்) எங்கே தள்ளுகிறதோ அங்கே ஒட்டிக்கொண்டு தடிக்கும். பவளத்தின்மேல் பாய் விரித்த மாதிரி மூடிவிடும், அடியில் வெயில் படாமல் பவளம் செத்துப்போகும். கையால் பிடுங்கிப் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள், ஒரு துண்டு விட்டால் மறுபடியும் வரும்.

"ஓரா திங்காதா தம்பி இத?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்காகத்தான் வந்தேன்.

"திங்கும்ணே. ஆனா அது ஒரு நாளைக்கு எவ்வளவு திங்கும்? இது அதவிட வேகமா வளருது. அப்புறம் அதுக்கு இங்க வேற எத்தன பாசி இருக்கு, இதையே ஏன் திங்கணும்?"

நான் மனதுக்குள் கட்டி வைத்திருந்த அழகான கதை, நம் ஓரா நம் பவளத்தைக் காப்பாற்றும் என்ற கதை, அங்கேயே இடிந்தது. இடிந்ததும் நல்லதுதான். முனைக்காட்டில் அறுபது கிலோ பாசியைக் கயிற்றில் கட்டிச் சாப்பாட்டுக் கடை மாதிரி தொங்கவிட்டால் ஓரா வரும். இங்கே பரந்த பாரில் அது வழக்கம்போல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் மேய்கிறது.

தண்ணீர் வற்றியிருந்த நேரம். முட்டளவுத் தண்ணீரில் தம்பி கைகாட்டிய இடத்தில் அசையாமல் நின்றோம். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், ஒரு ஓராக் கூட்டம் வந்தது, இருபது முப்பது இருக்கும். எல்லாம் தலையைக் கீழே சாய்த்து, ஒரே நேரத்தில் கொத்தி, ஒரே நேரத்தில் நிமிர்ந்து, அடுத்த கல்லுக்கு நகர்ந்தன. ஒரு கல்லில் பத்து எண்ணுவதற்குள் கிளம்பிவிட்டன. லிமாசோலில் நான் பார்த்த கூட்டம் ஒரே பாறையில் நெடுநேரம் நின்று மேயும். ஏன் இங்கே இந்த அவசரம் என்று யோசிப்பதற்குள் தம்பி என் முழங்கையைத் தட்டினார். கல்லுக்கு அடியில், நிழலோடு நிழலாக, வாயைச் சற்றே திறந்தபடி ஒரு களவா, மற்ற மீனைப் பிடித்துத் தின்கிற மீன். ஓராக் கூட்டம் அந்தக் கல் பக்கமே போகவில்லை, வளைந்து சுற்றிப் போனது. அந்தக் கல்லில் மட்டும் பாசி விரல் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

எனக்கு ஓராமேல் இருந்த வெட்கம் அங்கே போயிற்று. சொந்த வீட்டில் இருக்கும்போது அதைச் சுற்றி இத்தனை கண்ணும் வாயும் இருக்கின்றன. கால்வாயை வெட்டியவர்கள் ஓராவுக்கு மட்டும் வழி விட்டார்கள், அதைப் பயமுறுத்துகிற இந்தக் கல்லையும் களவாவையும் கூடவே அனுப்ப முடியவில்லை. அங்கேயும் களவா வகை மீன் உண்டு, ஆனால் காலகாலமாகப் பிடித்துப் பிடித்துக் குறைந்துவிட்டது என்று லிமாசோல் படகுக்காரர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது.

நாள் 5: தனுஷ்கோடி, பாம்பன்

விடியற்காலையில் அரிச்சல்முனை. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் எழுதவில்லை. இரண்டு பக்கமும் கடல். வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல். பெண்கடல் பாய் விரித்த மாதிரி, ஆண்கடல் இரைச்சலோடு. வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், வாடைக் காற்று நாளில் தெற்கே தொழில், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற நாளில் வடக்கே தொழில், இப்படியே மாறி மாறிப் போவோம் என்றார். மீனும் மாறி மாறித்தான் போகும் என்றார். இரண்டு கடலும் யாரும் வெட்டாமலே சேர்ந்திருக்கிற இடம், மீனும் மனிதரும் காற்றுக்குத் தக்கபடி போய் வருகிற இடம். போனால் திரும்பி வரவும் வழி இருக்கிறது.

பத்தரைக்குப் பாம்பன் வந்துவிட்டேன். புதுப் பாலத்தில் ரயில் போனதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவ்வளவுதான். தெற்குவாடியில் ஓரா ஒரு கிலோ வாங்கிக்கொண்டு பெரியம்மா மகள் வீட்டுக்குப் போனேன். அக்கா அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் முள்ளை எல்லாம் அடியோடு சீவினார், அப்புறம்தான் வயிற்றைக் கீறினார். ஓராவில் குடலை உடைக்காமல் எடுப்பதில்தான் சமையலே இருக்கிறது, உடைந்தால் கறி முழுக்கப் பாசி வாடை. கடிகாரச் சுருள் மாதிரி சுற்றிச் சுற்றி ஒரு குடல், இத்தனூண்டு மீனுக்குள் இவ்வளவு நீளமா என்று ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாக இருக்கும். ஒன்றைத் தனியாக வாங்கிக் கிழித்துப் பார்த்தேன், பச்சையும் பழுப்புமாக அரைத்த துவையல் மாதிரி. எது எந்தப் பாசி என்று பிரிக்க முடியவில்லை.

ஒன்றரை மணிக்கு லிமாசோலுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே காலை பத்து மணி. பெரிய சமையல்காரர் அன்றைய மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார், கேமராவைத் திருப்பினார், தட்டு நிறைய குர்குனா. நான் போனை அரிவாள்மனைப் பக்கம் திருப்பினேன். அவர் கத்தரிக்கோலால் முள்ளை வெட்டுவதை அக்கா உற்றுப் பார்த்துவிட்டு, "கொடல ஒடைக்காம எடுக்கத் தெரியுமான்னு கேளு" என்றார். கேட்டேன். அவர் ஒரு மீனைக் கீறி, இரண்டு விரலால் சுருளை அப்படியே முழுசாக இழுத்து எடுத்து, கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"தெரியுதே" என்றார் அக்கா. "நெறையாத் திங்கச் சொல்லு."

சொன்னேன். இப்போதெல்லாம் வாரம் ஆறு நாளும் இதுதான் வாங்குகிறேன், கேட்காதவர்களுக்கும் இதையே வைத்துப் பழக்குகிறேன் என்றார். அடுப்பில் புளிக்குழம்பு கொதித்து வந்தது. அக்கா தேங்காய்ப்பால் ஊற்றி, மீனைப் போட்டு மூடினார்.